ஹேண்டில் கம்பியை ஒழித்தவர்



போன மாதம் கரண்ட் போனபோது நம் ஜெனரேட்டர் கிளம்பாமல் லிஃப்ட் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். என்ஜினில் பழுதே இல்லை. அதைக் கிளப்பும் பேட்டரி செத்திருந்தது. இருட்டில் படியேறும்போது எனக்குச் சார்லஸ் கெட்டரிங் ஞாபகம் வந்தது.

என் சொந்த ஊர் நரிக்குடி. சிறுவயதில் அங்கே லாரிக்கு முன்னால் ஹேண்டில் கம்பியைச் செருகிச் சுற்றுவார்கள். சில நேரம் என்ஜின் திருப்பி உதைக்கும். எங்கள் தெரு மாமா ஒருவருக்கு அப்படித்தான் மணிக்கட்டு முறிந்தது. கிளீனர் வேலையை விட்டுவிட்டு மிளகாய்த் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கெட்டரிங் 1876-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கண்வலியால் கல்லூரிப் படிப்பு தடைப்பட, டெலிபோன் கம்பம் நடும் வேலைக்குப் போனார். பட்டம் வாங்கியது 1904-ல்தான்!

பிறகு டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். கேஷ் கவுண்டரில் காலம் கழித்த எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கல்லாவைத் திறக்க ஒரு நொடி பலம் போதும், நாள் முழுக்க ஓட வேண்டாம். ஆகவே சின்ன மோட்டாருக்கே அளவுக்கு மீறி மின்சாரம் கொடுத்து வேலை வாங்கலாம் என்று கண்டார்.

காருக்கும் அதே கணக்குதான். என்ஜினைச் சுற்றப் பெரிய மோட்டார் வேண்டும், அதைக் காரில் வைக்க முடியாது என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். இவர் நண்பர் எட்வர்ட் டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில், சகாக்களுடன் மாலை நேரத்திலும் விடுமுறையிலும் சோதித்துக்கொண்டிருந்தார். சில விநாடி சுற்றிவிட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். அதன்பின் அதே மோட்டாரை என்ஜின் சுற்றும். அது டைனமோவாக மாறிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், விளக்கும் எரியும். கேட்க எளிது. ஆனால் வண்டியின் வேகம் ஏற இறங்க, டைனமோ தரும் மின்சாரமும் ஏறி இறங்கும்; பேட்டரி காய்ந்தும் போகக்கூடாது, கொதிக்கவும் கூடாது. கிளப்பும்போது 24 வோல்ட், சார்ஜ் ஏறும்போது 6 வோல்ட் என்று இணைப்பை மாற்றிச் சமாளித்தார். 1912 மாடல் காடிலாக் கார்கள் அதனுடன்தான் வெளிவந்தன. பெண்கள் தனியாகக் கார் ஓட்டுவதும் இதனால் சுலபமாயிற்று.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவர் தலைமை வகித்தபோதுதான், 1921-ல், பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் அந்த நஞ்சு நம் நாட்டுப் பெட்ரோலிலிருந்து நீங்கியது 2000-ல்தான். வரவில் எழுதினால் பற்றிலும் எழுத வேண்டுமல்லவா? கெட்டரிங் 1958-ல் காலமானார்.

கார் பார்க்கிங்கில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகளை ஸ்டார்ட் செய்து உடனே அணைத்துவிடாதீர்கள். ஸ்டார்ட்டர் இழுத்த சார்ஜ் திரும்ப ஏற நேரம் ஆகும். ஒரு சுற்று வெளியே போய் வாருங்கள்.