தேசாதிபதியின் கட்டளையை நிறுத்திய நீதியரசர்

பாராளுமன்றம் சட்டத்தை ஆக்குகிறது. அரசாங்கம் அதை நடைமுறைப்படுத்துகிறது. நீதிமன்றம் அதன் பொருளைச் சொல்கிறது. அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் வலுவேறாக்கக் கோட்பாட்டை நாங்கள் இப்படித்தான் படிக்கத் தொடங்குகிறோம். மொண்டெஸ்கியூவின் பெயரையும் அவருடைய நூல் வெளிவந்த 1748ஆம் ஆண்டையும் மனனம் செய்துகொள்கிறோம். ஆனால் இம்மூன்று துறைகளுள் படையோ பணமோ இல்லாதது நீதித்துறை மட்டுமே. வெறுங்கையோடு இருக்கும் ஒரு துறை, எல்லாம் வைத்திருக்கும் நிறைவேற்றுத்துறையை எப்படித் தடுக்கும்? இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான், 1936 முதல் 1939 வரை இலங்கையின் பிரதம நீதியரசராகக் கடமையாற்றிய சேர் சிட்னி ஏப்ரகாம்ஸை நான் அறிந்துகொண்டேன்.

அவர் 1885இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில், புலம்பெயர்ந்து வந்த ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எம்மானுவேல் கல்லூரியில் படித்தார். நீளம் பாய்தலில் வல்லவரான அவர் 1906இல் ஏதென்ஸில் நடந்த போட்டிகளிலும் 1912இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கிலும் பிரித்தானியாவுக்காகப் பாய்ந்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்ற ஹரோல்ட் ஏப்ரகாம்ஸ் இவருடைய தம்பி. பரிஸ்டரான சிட்னி, குடியேற்ற நாட்டுச் சேவையில் சேர்ந்து சன்சிபார், உகண்டா, இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்ட், தங்கனீக்கா ஆகிய இடங்களில் கடமையாற்றினார். 1936இல் இலங்கைக்கு வந்தார்.

அக்காலத்து நீதியரசரின் நிலையை நாம் மறந்துவிடக் கூடாது. அவரை நியமித்தது பிரித்தானிய முடி. குடியேற்ற நாட்டு நீதியரசர் ஒருவர் முடியின் விருப்பம் உள்ளவரைதான் பதவியில் இருக்க முடியும். தேசாதிபதியும் அதே முடியின் பிரதிநிதிதான். ஆகவே தேசாதிபதிக்கு எதிராகத் தீர்ப்பளிப்பது, தன் கதிரையைத் தாங்கும் காலையே அசைத்துப் பார்ப்பது போன்றது.

அப்படியொரு வழக்கு 1937இல் வந்தது. மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பழக வந்தவர். மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் சின்னத்துரையாக இருந்தார். தமிழ்த் தொழிலாளரின் லயன் வாழ்க்கையைக் கண்டு அவர்கள் பக்கம் சாய்ந்ததால் வேலையை இழந்தார். பின்னர் லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்துகொண்டார். ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் தோட்டத் துரைமாருக்கு எதிராகப் பேசினார். ஒரு வெள்ளையரே இப்படிப் பேசியதைத் துரைமாரால் பொறுக்க முடியவில்லை. அவர் 48 மணித்தியாலத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று தேசாதிபதி சேர் எட்வர்ட் ஸ்ரப்ஸ் கட்டளையிட்டார். பயணத்துக்குக் கப்பலும் ஆயத்தமாக இருந்தது.

பிரேஸ்கேர்டில் கப்பல் ஏறவில்லை. தோழர்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் கூடிய பெருங்கூட்டத்தின் முன் திடீரென்று மேடையில் தோன்றினார். சில நாட்களில் பொலிஸார் அவரைக் கைது செய்தனர். உடனே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. அவருக்காக வாதாடியவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் எச். வி. பெரேரா. பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸின் தலைமையில் மூன்று நீதியரசர்கள் வழக்கை விசாரித்தனர்.

அரசாங்கம் 1896ஆம் ஆண்டின் அரச கட்டளையொன்றைக் காட்டியது. எவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றும் அதிகாரம் அதில் தேசாதிபதிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. சொற்களை மட்டும் பார்த்தால் அதற்கு எல்லையே இல்லை. ஆனால் நீதிமன்றம் அது எதற்காக ஆக்கப்பட்டது என்று கேட்டது. அது அவசரகாலத்துக்கென ஆக்கப்பட்டது. 1937 மே மாதத்தில் இலங்கையில் அவசரகாலம் எதுவும் இருக்கவில்லை. ஆகவே அக்கட்டளை செல்லாது என்று முடிவு செய்து, மே 18ஆம் திகதி நீதிமன்றம் பிரேஸ்கேர்டிலை விடுவித்தது.

நீளம் பாய்பவருக்கு இது நன்றாக விளங்கும். மிதிபலகையைத் தாண்டிக் கால் வைத்தால், பாய்ச்சல் எவ்வளவு நீளமானாலும் கணக்கில் வராது. பாய்ந்தவர் யாரென்று நடுவர் பார்ப்பதில்லை. கால் எங்கே பட்டது என்று மட்டுமே பார்ப்பார். பிரேஸ்கேர்டிலின் அரசியல் சரியா பிழையா என்று அந்த நீதியரசர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. தேசாதிபதியின் கால் கோட்டைத் தாண்டிவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். கலீபா அலி (ரழி) அவர்கள் தமது கேடயத்துக்காக காழியின் முன் சாதாரண வழக்காளியாக நின்றதையும், போதிய சாட்சி இல்லாததால் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக அமைந்ததையும் நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். ஆள்பவரும் கோட்டுக்கு உட்பட்டவரே என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல.

ஏப்ரகாம்ஸ் 1941இல் கோமறைக் கழக உறுப்பினரானார். 1946இல் நியாசலாந்தின் காணிப் பிரச்சினையை விசாரித்து, தோட்டக் காணிகளில் குடியிருந்த ஆபிரிக்க மக்களுக்குச் சார்பாகப் பரிந்துரைத்தார். 1957இல் காலமானார்.

ஆனாலும் அவருடைய தீர்ப்பு ஒரு கேள்வியை மிச்சம் வைத்தது. அன்று உண்மையிலேயே அவசரகாலம் இருந்திருந்தால்? சட்டவாக்கத்துறையே கோட்டை அழித்துவிட்டால்? 1962இல் நடந்த இராணுவச் சதி முயற்சிக்குப் பின்னர் அப்படித்தான் நடந்தது. பிடிபட்டவர்களைத் தண்டிப்பதற்கென்றே பாராளுமன்றம் விசேட சட்டம் இயற்றியது. குற்றம் சாட்டப்பட்ட 24 பேரில் 11 பேர் தண்டிக்கப்பட்டனர். 1965 டிசம்பரில் கோமறைக் கழகம் அவர்களை விடுவித்தது. நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது, பாராளுமன்றம் அதில் தலையிட முடியாது என்பதே அதன் காரணம். கோட்டைக் காப்பது ஒரு தீர்ப்போடு முடிந்துவிடும் வேலை அல்ல.

இதைத் தன்னாமுனை வாவிக்கரையில் வாழும் எங்களைவிட யார் நன்றாக உணர முடியும்? யுத்த காலத்தில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் வீட்டுப் பெண்கள் முகாம் வாசலில்தான் நாட்கணக்கில் நின்றார்களாம். உம்மம்மா சொல்வார். நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. இன்று கிழக்கு மாகாணத்தில் ஒருவர் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டால், மாகாண மேல் நீதிமன்றத்திலேயே ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய முடியும். அரசியலமைப்பில் அதற்கு இடமுண்டு.

என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். நீதித்துறையின் பலம், எந்தச் சட்டத்தின்படி இதைச் செய்தீர் என்று ஆள்பவரைக் கேட்டு, அவர் பதில் சொல்லும்வரை விடாதிருப்பதுதான். ஆனால் நீதிமன்றம் தானாக எழுந்து வீட்டு வாசலுக்கு வராது. யாராவது போய்க் கதவைத் தட்ட வேண்டும். பிரேஸ்கேர்டிலுக்காகத் தட்டுவதற்குச் சட்டம் தெரிந்த நண்பர்கள் இருந்தார்கள். அன்று முகாம் வாசலில் நின்ற பெண்களுக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை. நம்மில் சிலராவது சட்டம் படிக்க வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான். பெற்றோரே, உங்கள் மகள் சட்டக் கல்வியைத் தேர்ந்தெடுக்க விரும்பினால் தயவுசெய்து அவளைத் தடுக்காதீர்கள்.