கூலிக் கப்பலை மறித்த கோகலே

இந்த வாரம் நாம் சொல்லப் போவது ஒரு வாத்தியாரின் கதை. அவர் தமிழரல்ல, மராட்டியர். மண்வெட்டி பிடித்துப் பிழைத்தவரல்ல, கரும்புக் காட்டில் வெயிலில் நின்றவரும் அல்ல. ஆனால் கடல் கடந்து கூலிக்குப் போன நம் பாட்டன் பூட்டன்மாருக்காக, ஆங்கிலேயன் நடத்திய சபையிலேயே எழுந்து நின்று கேள்வி கேட்டவர். பெயர் கோபால கிருஷ்ண கோகலே. காந்தியடிகள் தம் அரசியல் குரு என்று சொன்னது இவரைத்தான். அதற்கு மேல் இவரைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு எழுவதில்லை. இவர் செய்த வேலையோ நம் வீட்டு வாசலோடு சம்பந்தப்பட்டது.

1866-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் தேதி, பம்பாய் மாகாணத்தில் ரத்னகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தார். பதின்மூன்று வயதில் தகப்பனார் போய்விட்டார். அண்ணன் தன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் 15 ரூபாய். அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பிவிடுவார். இப்படித் தான் தேய்ந்து தம்பியைப் படிக்க வைத்த அண்ணன்மார் நம் லயங்களிலும் உண்டு. அவர்களுக்கு இது விளங்கும். தம்பி 1884-இல் பி.ஏ. தேறினார். பூனாவில் பெர்குசன் கல்லூரியில், சொற்பச் சம்பளத்தில் 20 ஆண்டு வேலை செய்வதாக வாக்குக் கொடுத்துச் சேர்ந்தார். கணக்கும் ஆங்கிலமும் சரித்திரமும் சொல்லிக் கொடுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகமும் எழுதினார்.

இவர் வாழ்க்கையில் ஒரு பெரிய அவமானம் நேர்ந்தது. அதைச் சொல்லாமல் மேலே போவது முறையல்ல. 1897-இல் பூனாவில் பிளேக் நோய். வீடு வீடாகச் சோதனை போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பெண்களிடம் தகாத முறையில் நடந்ததாக ஊரிலிருந்து கடிதங்கள் வந்தன. அப்போது லண்டனில் இருந்த கோகலே அதை நம்பிப் பத்திரிகையில் சொல்லிவிட்டார். ஊர் திரும்பி ஆதாரம் கேட்டபோது, சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. நிரூபிக்க முடியாததைச் சொன்னது தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கோழை என்று சொந்த ஜனங்களே ஏசினார்கள். அந்த அடி அவருக்கு ஒரு பாடமாயிற்று என்பது நம் அபிப்பிராயம். பிற்பாடு சபையில் அவர் வாய் திறந்தால் புள்ளிவிவரம் இல்லாமல் திறக்கமாட்டார்.

1899-இல் பம்பாய் சட்டசபைக்குப் போனார். 1902 முதல் வைசிராயின் பெரிய சபையில் உட்கார்ந்தார். சட்டசபை என்றதும் இப்போது நாம் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிறோமே, அதுபோல என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே சர்க்கார் உத்தியோகஸ்தர்கள்தான் பெரும்பான்மை. சர்க்காருக்குப் பிடிக்காத எதுவும் அங்கே ஜெயிக்காது. அப்படிப்பட்ட இடத்தில், முதல் பட்ஜெட் பேச்சிலேயே, கஜானாவில் மிச்சப் பணம் இருக்கிறது என்று சர்க்கார் பெருமை பேசியதைப் பிடித்துக்கொண்டார். பஞ்சத்தில் அடிபட்ட ஏழையின் உப்புக்கு வரி போட்டுச் சேர்த்த பணம் எப்படி மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் உப்பு வரி படிப்படியாகக் குறைந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் என்று ஒரு பகுதி. அங்கே கரும்புத் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் போனார்கள். பெரும்பகுதி சென்னை மாகாணத்து ஜனங்கள், நம் தமிழரும் தெலுங்கரும். ஐந்து வருஷ ஒப்பந்தம். அக்ரிமெண்ட் என்ற சொல் அந்த ஜனங்கள் வாயில் கிரிமிட் ஆயிற்று.

கெடு முடிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. காய்கறி போட்டார்கள், மீன் பிடித்தார்கள், கூடை தூக்கி வியாபாரம் செய்தார்கள். அதுதான் வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குப் பொறுக்கவில்லை. கரும்பு வெட்டக் கை வேண்டும். அந்தக் கைக்குச் சொந்தக்காரன் பக்கத்தில் குடியிருக்கக் கூடாது. இதற்காக 1895-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பின் வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக அங்கே தங்கவேண்டுமானால், வருஷத்துக்கு ஒரு தலைக்கு 3 பவுன் வரி. முதலில் 25 பவுன் கேட்டார்களாம்; வைசிராய் 3 பவுனுக்குச் சம்மதித்தார். பிற்பாடு 16 வயதான பையனுக்கும் 13 வயதான பெண்ணுக்கும் கூட வரி என்று நீட்டினார்கள்.

இந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். புருஷன், பெண்சாதி, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர். நாலு தலைக்கு 12 பவுன். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஆக 240 ஷில்லிங். ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் சம்பளம். ஐந்தாம் வருஷத்தில் 14. வருஷம் முழுதும் ஒரு காசு தின்னாமல் சேர்த்தாலும் 168 ஷில்லிங்தான். வெளியே கொஞ்சம் கூடுதல் கூலி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம், இதை எப்படிக் கட்டுவது? கட்டு, இல்லாவிட்டால் மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வை, இரண்டும் முடியாதென்றால் கப்பலேறு. இதுதான் சட்டத்தின் உள்நோக்கம். கட்டாதவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு.

1909-இல் சீர்திருத்தம் வந்து, சபை உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவரலாம் என்று விதி ஏற்பட்டது. கோகலே அந்தக் கதவு திறந்ததும் உள்ளே நுழைந்தார். 1910 பிப்ரவரி 25-இல், நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலி அனுப்புவதைத் தடுக்கச் சர்க்காருக்கு அதிகாரம் வேண்டும் என்று கேட்டார். எங்கள் ஆளை மனிதனாக மதிக்காத நாட்டுக்கு எங்கள் ஆளை அனுப்பமாட்டோம் என்பதுதான் அதன் சாரம். தோட்டக்காரனுக்கு எங்கே வலிக்குமோ அங்கே கை வைத்தார். அதிசயமாகச் சர்க்காரும் ஒப்புக்கொண்டது. 1911 ஜூலை முதல் நேட்டாலுக்கு ஆள் எடுப்பு நின்றது. நம் மலாயாவிலும் 1910-இல் ஒப்பந்தக் கூலி எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். பிஜி, டிரினிடாட், ஜமைக்கா, பிரிட்டிஷ் கயானா, டச்சுக் கயானா ஆகிய இடங்களுக்குக் கப்பல் போய்க்கொண்டுதான் இருந்தது.

அதனால் 1912 மார்ச் 4-இல் பெரிய தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஒப்பந்தக் கூலி முறையே கூடாது, இந்தியாவுக்குள்ளும் கூடாது, எந்தக் காலனிக்கும் கூடாது என்றார்.

அன்றைக்கு அவர் அடுக்கிய நியாயங்களை நம் பேச்சில் சொல்கிறோம். பாஷை தெரியாத, பழக்கம் தெரியாத தூர தேசத்துக்கு ஒருவனை அழைத்துப் போகிறீர்கள். எந்தத் துரையிடம் வேலை என்பது அவனுக்குத் தெரியாது, துரைக்கும் அவனைத் தெரியாது. சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாது. கொடுத்த வேலையைச் செய்ய வேண்டும், எவ்வளவு கடுமையானாலும். ஐந்து வருஷத்துக்கு விலக முடியாது. அக்கம் பக்கத்தில் சுதந்திரமாக வேலை செய்கிறவனுக்குக் கிடைக்கும் கூலியை விடக் குறைச்சல். எல்லாவற்றையும் விட, வேலையில் சின்னப் பிசகு நேர்ந்தாலும் ஜெயில். ஊரில் கைநாட்டு வாங்கும்போது இந்த ஜெயில் சங்கதியை ஒருவரும் அவனுக்குச் சொல்வதில்லை.

100 ஆணுக்கு 40 பெண் என்று கணக்குப் பண்ணி அனுப்பினார்கள். அதனால் லயங்களில் நடந்த கேவலங்களையும், தூக்குப் போட்டுக்கொண்டவர்களின் எண்ணிக்கையையும் அவர் எடுத்து வைத்தார்.

சர்க்கார் தரப்பும் வாய் மூடி இருக்கவில்லை. ஊரில் பட்டினி கிடந்தவன் அங்கே போய் நாலு காசு சேர்க்கிறான், அவனாக விரும்பித்தான் போகிறான், குறை இருந்தால் சரி செய்வோம், முறையையே ஒழிப்பது எதற்கு என்றது. இதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. பஞ்சத்துக்குப் பயந்துதான் நம்மவர்கள் கப்பலேறினார்கள். ஆனால் கணக்கு வாத்தியாரின் பதில் நேராக இருந்தது. அவ்வளவு நல்ல பிழைப்பு என்றால் ஆள்கட்டிகள் ஏன் பொய் சொல்லி ஏமாற்ற வேண்டும்? வேலை செய்ய வைக்க ஜெயில் எதற்கு?

நம் செம்பனைத் தோட்டங்களுக்கு வந்திருக்கும் வங்காளதேசத்து, நேப்பாளத்து, இந்தோனேசியப் பையன்களில் எத்தனையோ பேர் ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை அடைக்கவே உழைக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது நமக்கு இந்தக் கேள்விகள் ஞாபகம் வருகின்றன.

ஓட்டெடுப்பு நடந்தது. எதிராக 33, ஆதரவாக 22. தீர்மானம் தோற்றது. அதே மாதம் 19-ஆம் தேதி, எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாய ஆரம்பக் கல்வி வேண்டுமென்று அவர் கொண்டுவந்த மசோதாவும் 38-க்கு 13 என்று விழுந்தது. பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தோல்வி. ஆனாலும் தீர்மானத்தை ஆதரித்தவர்கள், ஜெயிக்கும் வரைக்கும் வருஷா வருஷம் கொண்டுவருவது என்று முடிவு செய்துகொண்டார்கள்.

அந்த வருஷமே அக்டோபர் 22-இல் கேப்டவுனில் போய் இறங்கினார். நீரிழிவு நோயாளி, டாக்டர் சொல் கேட்டிருந்தால் கிளம்பியிருக்கமாட்டார். காந்தி கூடவே இருந்து கவனித்துக்கொண்டார். நேட்டாலில் வரி கட்டி நொந்தவர்கள் தங்கள் கதையைச் சொல்லக் கேட்டார். பிரிட்டோரியாவில் போத்தா, ஸ்மட்ஸ் முதலிய மந்திரிகளைச் சந்தித்தார். புதிதாக இந்தியர் வந்து குவிவார்கள் என்ற பயம் வெள்ளையருக்கு இருக்கிறது, வருவதைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள், ஏற்கெனவே இருப்பவர்களை நியாயமாக நடத்துங்கள் என்பது அவர் நிலை. விட்டுக் கொடுத்துவிட்டார் என்று இந்தியாவிலேயே சிலர் குறை சொன்னார்கள். சந்திப்பு முடிந்து வந்து, 3 பவுன் வரி ஒரு வருஷத்தில் போய்விடும் என்று காந்தியிடம் சொன்னார். காந்திக்கு அந்த அளவு நம்பிக்கை இல்லை.

இந்த இடத்தில் கோகலே ஏமாந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய மனிதர்கள் வாயால் சொன்னால் போதும் என்று நம்பிவிட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. 1913-இல் ஸ்மட்ஸ், அப்படி வாக்குக் கொடுக்கவில்லை என்று கைவிரித்தார். அந்த ஏமாற்றத்தின் கிரயத்தைக் கட்டியது கூலி ஜனங்கள். டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் நியூகாசிலுக்குப் போய்ச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். அக்டோபரில் சுரங்கம் நின்றது. கரும்புத் தோட்டங்களும் நின்றன. சவுக்கடி, துப்பாக்கிச் சூடு, சாவு எல்லாம் நடந்தது. ஜெயிலில் காய்ச்சல் கண்ட தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையாகி வந்து 1914 பிப்ரவரி 22-இல் கண் மூடினாள். பதினாறு வயது.

கோகலே படுக்கையில் கிடக்கவில்லை. வேலை நிறுத்தக்காரர்களின் அடுப்பு எரிய வேண்டுமே, அதற்கு ஊர் ஊராகப் பணம் திரட்டி அனுப்பினார். ஆண்ட்ரூஸ், பியர்சன் என்ற இரண்டு வெள்ளைக்காரப் பாதிரிமார் உதவிக்குக் கப்பலேற ஏற்பாடு செய்தார். 1913 நவம்பரில் வைசிராய் ஹார்டிஞ்சே சென்னையில் போராட்டக்காரர்களுக்கு அனுதாபமாகப் பேசவேண்டி வந்தது. 1914-இல் சட்டம் வந்து 3 பவுன் வரி ஒழிந்தது.

1915 ஜனவரியில் காந்தி இந்தியா திரும்பினார். பிப்ரவரி 19-இல் கோகலே பூனாவில் காலமானார். 48 வயதுதான்.

1916 மார்ச்சில் அதே சபையில் மதன்மோகன் மாளவியா எழுந்து, ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். நாலு வருஷத்துக்கு முன் தோற்ற அதே கோரிக்கை. இந்தத் தடவை சர்க்கார் ஏற்றுக்கொண்டது. 1917-இல் ஆள் எடுப்பு நிறுத்தப்பட்டது. 1920 ஜனவரி 1-இல் பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நம் வாசகர்கள் கேட்பார்கள். மலாயாவில் கூலிக் கப்பல் அதோடு நின்றுவிடவில்லை. கோகலேயின் தீர்மானம் கைநாட்டு ஒப்பந்தத்தைத்தான் தாக்கியது. முன்பணம் கொடுத்து ஊர்க்காரனே ஊர்க்காரனைக் கூட்டி வரும் கங்காணி முறையை அது தொடவில்லை. நம்மில் பல குடும்பங்கள் அப்படி வந்தவைதாம். 1922-இல் வந்த சட்டத்தின்படி, கூலிக்கு ஆள் அனுப்ப இந்தியச் சட்டசபையின் சம்மதம் வேண்டும் என்று ஆயிற்று. உதவிப் பணத்தில் மலாயாவுக்கு ஆள் வருவதை இந்திய சர்க்கார் 1938 ஜூனில்தான் தடுத்தது. அப்போது கோகலே மறைந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.