மறைத்த பெயரே மகுடமாயிற்று

செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் 1859-ஆம் ஆண்டு பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் பயின்ற நாளில், உடன் பயில்வோர் தம் சாதியை அறிந்தால் இழிவாக நடத்துவரென அஞ்சி, வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார்.

அவ்வாறு அஞ்சியவரே 1893-இல் சென்னையில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். எப்பெயரை வெளியிட அஞ்சினாரோ, அப்பெயரையே இதழின் முகப்பில் பொறித்தார். ஊர் மாறுமுன் அவர் உள்ளம் மாறிற்று. அதன் பின்னரே அவரது ஆற்றல் வெளிப்பட்டது. 1924-இல் பொதுச்சாலைகளும் கிணறுகளும் அனைவர்க்கும் உரியவை எனச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1930-இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். 1945-இல் மறைந்தார்.

தம் சமூகத்தைச் சொல்லத் தயங்கும் பிள்ளைகளை நாம் இன்றும் வகுப்பறைகளில் காண்கிறோம். இளைஞர்களே, அவர்தம் அச்சத்தைக் களைதலும் நம் கல்விப்பணியே ஆகும்.