வீரமாமுனிவரும் பிழையற்ற மறைநூலும்



எக்கியார்குப்பம் கடற்கரையையொட்டிய மரக்காணம் உப்பளங்களில், பாத்தியிலிருந்து உப்பை வாரும்போது சிறிது மண்ணும் கூடவே வந்துவிடுவதுண்டு. அது கடலின் குறையன்று. வாரும் கையின் குறை. மறைநூலில் பிழை உண்டா என்ற கேள்வி எழும்போது இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம். வீரமாமுனிவர் அதை மறக்கவில்லை.

1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இயேசு சபைத் துறவியாகி, 1711-இல் தமிழகம் வந்தார். அதே ஆண்டில்தான் தரங்கம்பாடியில் லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்தார். 1715-இல் அது அச்சாகி வெளிவந்தது.

மறைநூல் கடவுளின் வார்த்தை, அதில் பிழை இல்லை என்பதில் இரு தரப்பினருக்கும் ஐயமில்லை. மொழிபெயர்ப்பு பழுதுபட்டால் என்ன செய்வது? மறைநூலுக்கு விளக்கம் தரும் உரிமை யாருக்கு? வழக்கு இதுவே. தரங்கம்பாடித் தமிழ் வேதத்தின் மாண்பைக் குலைத்துவிட்டது என்று முனிவர் 1728-இல் எழுதிய 'வேத விளக்கம்' நூலில் கடுமையாகச் சாடினார். அந்தக் கடுமை இன்று நமக்கு வருத்தம் தருகிறது.

ஆயினும் அவர் குறை சொல்லியதோடு நின்றுவிடவில்லை. 1726-இல் புனித சூசையப்பரைப் போற்றி 3615 பாடல்களில் தேம்பாவணி படைத்தார். ஓலைச்சுவடிகளில் புள்ளி விடுபட்டதால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் மயங்கிப் பொருள் மாறியது. அதைக் கண்டு ஏ, ஓ எழுத்துகளுக்குத் தனி வடிவம் தந்தார். 1732-இல் சதுரகராதி தந்தார். இறைவார்த்தையைச் சுமக்கும் மனித மொழி தவறக்கூடியது என்பதை அறிந்தவரின் உழைப்பு இது. 1747-இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

நம் மீட்புக்காகக் கடவுள் எழுதுவிக்க விரும்பிய உண்மையை மறைநூல் தவறின்றிக் கற்பிக்கிறது என்றும், அதை எழுதிய மனிதரின் காலத்தையும் நடையையும் அறிந்தே அதை வாசிக்க வேண்டும் என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவுபடுத்தியது.

1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். அந்தப் பணியில் பெரும்பங்கு வகித்த விவிலிய நடுநிலையம், மரக்காணத்துக்கு மேற்கே உள்ள திண்டிவனத்தில்தான் இருக்கிறது. அன்று வாதிட்ட இரு தரப்பின் வழிவந்தோர் ஒரே மேசையில் அமர்ந்தனர்.

மறைநூலில் பிழை தேடும் நாம், அதை வாசிக்கும் நம் உள்ளத்தின் பிழையைத் தேடுகிறோமா? சிந்திப்போம்.