புனிதவதி அம்மா வீட்டு மாம்பழம்

ஆனி பௌர்ணமியில காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குப் போகாத பெண்கள் நம்ம குரும்பகரத்தில் குறைவு. மாடியிலேர்ந்து வீசுற மாம்பழத்தை முந்தானையில பிடிக்கிறோம். அந்த அம்மாவும் நம்மைப் போல வீட்டைப் பார்த்த பெண்தான் சகோதரிகளே.

காரைக்கால் அம்மையாரின் சொந்தப் பெயர் புனிதவதி. வணிகர் தனதத்தன் மகள். கணவர் பரமதத்தன். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வது இது. கணவர் இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்பினார். அந்த நேரம் பசியோடு ஒரு அடியார் வந்தார். சோறு ஆகிடுச்சு, கறி ஆகலை. நமக்கும் அடிக்கடி வர்ற நிலைமைதானே! காக்க வைக்காமல் ஒரு பழத்தோடு சோறு போட்டார். கணவரைக் கேட்டுச் செய்யலாம்னு நிற்கலை. நான் பெரிசா நினைக்கிறது இதைத்தான்.

மதியம் கணவர் இன்னொரு பழம் கேட்க, இறைவனை வேண்டிப் பெற்றுப் பரிமாறினார். ருசி வேறாக இருக்கவே அவர் விசாரித்தார். மழுப்பியிருக்கலாம். அம்மா நடந்ததை அப்படியே சொன்னார். உண்மை சொன்னதால் வந்தது கஷ்டம்தான். நம்பாத கணவர் மறுபடி கேட்க, வந்த பழம் அவர் கையிலேயே மறைந்தது. பயந்தவர் கப்பலேறிப் போய், பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டார். மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தார்.

உறவுக்காரர்கள் அம்மாவைப் பல்லக்கில் அழைத்துப் போனார்கள். கணவர் மனைவி, மகளோடு காலில் விழுந்தார். எல்லார் முன்னாலும் அப்படி நின்றால் நமக்கு எப்படி இருக்கும்? அம்மா அழுது திரும்பலை. கணவருக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம்னு பேய் உருவம் கேட்டு வாங்கினார். பிறகு பாட்டுத்தான். அற்புதத் திருவந்தாதியே 101 பாட்டு.

கோயிலில் 63 நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் உட்கார்ந்திருப்பார். அடுத்த தடவை பாருங்க.