டெர்ரா நோவாவின் சரக்கதிகாரி

தென் துருவத்தை அடைந்து திரும்பும் வழியில் மாண்ட கேப்டன் ஸ்காட்டைப் பலரும் அறிவர். அவருடன் அதே கூடாரத்தில் உயிர்துறந்த ஹென்றி பவர்ஸ், இந்தியக் கடற்பணியிலிருந்து சென்றவர் என்பதை அறிந்தோர் குறைவு.

1883-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர் பவர்ஸ். கப்பல் தலைவரான தந்தை, இவரது மூன்றாம் வயதில் ரங்கூனில் காலமானார். 1905-இல் ராயல் இந்தியன் மரைனில் சேர்ந்த பவர்ஸ், ஐராவதி ஆற்றிலும் பாரசீக வளைகுடாவிலும் பணியாற்றினார். நேர்காணல்கூட இன்றி ஸ்காட் இவரைச் சேர்த்துக்கொண்டார். 1910-இல் லண்டனில் டெர்ரா நோவா கப்பலுக்கு வந்தவுடனேயே, திறந்திருந்த சரக்கறைக்குள் 19 அடி ஆழத்தில் இரும்புக் கட்டிகள்மீது விழுந்தார். எழுந்து வேலையைத் தொடர்ந்தார்!

அந்தக் கப்பலில் அறிவியலாளர்களுக்குத் தனிச் சலுகை இல்லை. அவர்களும் நிலக்கரி அள்ளினர். பாய்மரக் கயிறு இழுத்தனர். நவம்பர் 29 அன்று நியூசிலாந்தை விட்டபோது மேல்தளத்தில் 19 குதிரைகள், 33 நாய்கள், பெட்ரோல் பெட்டிகள், நிலக்கரி மூட்டைகள். மூன்றே நாளில் பெரும்புயல். நிலக்கரித் தூளும் எண்ணெயும் திரண்டு நீரிறைக்கும் குழாய்களை அடைத்தன. எந்திர அறையில் வெள்ளம் ஏறியது. கொதிகலன் நெருப்பும் அவிக்கப்பட்டது. அதிகாரிகளும் ஆய்வாளர்களும் ஏணிப்படிகளில் வரிசையாக நின்று, இரவெல்லாம் வாளி வாளியாக நீரை இறைத்தனர். இரும்புத் தடுப்பில் ஆள் நுழையுமளவு துளையிட்டு, துணைத்தலைவர் எவன்ஸும் பவர்ஸும் உள்ளிறங்கி அடைப்பை அகற்றினர். இரண்டு குதிரைகளும் ஒரு நாயும் மடிந்தன, கப்பல் பிழைத்தது. துருவத்தைவிட இந்த இரவே பவர்ஸை நமக்குக் காட்டுகிறது என்பேன்.

கப்பலுடன் திரும்ப வேண்டியவர் அவர். சரக்கின் ஒவ்வொரு பெட்டியும் எங்கிருக்கிறது என்று அறிந்திருந்த அவரை விட மனமின்றி, ஸ்காட் கரைக்குழுவில் சேர்த்தார். அந்த நம்பிக்கையே அவரை மரணத்தின் பாதையில் நிறுத்தியது. 1912 ஜனவரி 17 அன்று ஐவர் துருவத்தை அடைந்தனர், அமுண்ட்சென் முந்தியிருந்தார். திரும்பும் வழியில், 28 வயதில், மார்ச் இறுதியில் பவர்ஸ் மடிந்தார்.

நவம்பரில் கண்டெடுக்கப்பட்ட அவர்களது கூடாரத்தருகே, கடைசிவரை இழுத்துவந்த சுமார் 16 கிலோ பாறைகள் இருந்தன. அவற்றில் குளோசாப்டெரிஸ் இலைப் படிமங்கள்! இந்திய நிலக்கரிப் படுகைகளில் கிடைப்பதும் அத்தாவரமே. அண்டார்க்டிகாவும் இந்தியாவும் கோண்டுவானா என்னும் ஒரே நிலமாக இருந்ததற்கு அது ஒரு சான்று. அந்நிலத்தின் பிற்காலத் தாவரப் படிமங்கள், வாலாஜாபாத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஸ்ரீபெரும்புதூர் பாறைகளிலும் உள்ளன.