பரங்கிப்பேட்டை உலையும் ஹீத் துரையும்

பெரம்பலூர், அரியலூர் தோழர்களுக்கு வெள்ளாற்றை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் வட எல்லையைத் தொட்டுக் கிழக்கே ஓடும் அந்த ஆறு பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. அந்தக் கடற்கரை ஊரிலேதான் 1830-ஆம் ஆண்டில் ஐரோப்பிய முறை இரும்பாலை ஒன்று எழுந்தது. இந்தியாவுக்கே அது முன்னோடி. எழுப்பியவர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

வெள்ளைக்காரத் துரைக்குப் புகழ்மாலை சூட்ட நாம் எழுதவில்லை. உழைப்பும் அறிவும் ஓரிடத்தில் இருக்க, பலன் வேறிடம் போய்ச் சேருவது எப்படி என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. அதற்காகவே எழுதுகிறோம்.

ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தராகச் சேலத்தில் இருந்தவர். அங்கே மலையெல்லாம் இரும்புக்கல். ஊருக்கு ஊர் சிறு மண் உலைகள். துருத்தி ஊதி இரும்பு எடுத்தவர்கள் நம் உழைப்பாளிகள். அந்த இரும்பை ஆவாரங்கட்டையோடு மண் மூசையிலிட்டு, எருக்கிலையால் மூடி, களிமண் பூசி, கரி நெருப்பில் வைத்து உருக்கு ஆக்கினார்கள். ஏடு படித்துக் கற்றதல்ல; தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய வித்தை. ஹீத் அதைக் கண்டு வியந்தார். எகிப்தியர் கற்றூண்களைச் செதுக்கிய உளிகள்கூட இந்திய உருக்கால் ஆனவையாக இருக்கலாம் என்று பின்னாளில் எழுதினார்.

வியந்தவர் செய்ததென்ன? 1825-இல் உத்தியோகத்தை உதறினார். சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமையைக் கம்பெனி சர்க்காரிடம் பெற்றார். கடனும் பெற்றார். பரங்கிப்பேட்டையிலும், மலையாளக் கரையில் பேப்பூரிலும் உலைகள் எழுந்தன. தனியுரிமை துரைக்கு, துருத்தி ஊதியவனுக்கு என்ன கிடைத்தது?

ஆலைக்கும் நல்ல காலம் பிறக்கவில்லை. கல் கிடைப்பது சேலத்தில். உலை எரிவது நூறு மைலுக்கு அப்பால் கடற்கரையில். நிலக்கரி இல்லை, மரக்கரிதான். உலையின் பசிக்குக் காடுகள் இரையாயின. கரி எட்டாத தூரத்துக்குப் போகப் போகச் செலவு ஏறியது. முதல் கரைந்தது. ஹீத் இங்கிலாந்து திரும்பினார். அவருக்குப் பின் வேறு கம்பெனி நடத்திப் பார்த்தும், அந்த நூற்றாண்டு முடியுமுன்னே பரங்கிப்பேட்டை உலை அணைந்தது.

இங்கிலாந்தில் ஹீத் தோற்கவில்லை, தோற்கடிக்கப்பட்டார். மாங்கனீசையும் கரியையும் சேர்த்த கலவையை மூசையில் இட்டால், விலை குறைந்த ஆங்கில இரும்பிலிருந்தே நல்ல உருக்கு வார்க்கலாம் என்று கண்டார். 1839-இல் காப்புரிமை பெற்றார். டன்னுக்கு 30, 40 பவுன் வரை செலவு குறைந்தது. ஷெபீல்டு முதலாளிகள் கொழித்தார்கள். ஆனால் கலவையாகச் சேர்க்காமல், மாங்கனீசையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசையில் போட்டால் காப்புரிமை கட்டுப்படுத்தாது என்று அவருடைய ஏஜெண்டாக இருந்த அன்வினே வாதாடினார். அந்தச் சிக்கன வழியைச் சொல்லிக் கொடுத்தவரும் ஹீத்தான்! ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. 1851-இல் ஹீத் மாண்டார். 1855-இல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

கண்டுபிடித்தவரையே சட்டத்தின் சந்து வழியே ஏமாற்றியது முதலாளித்துவம். ஆனாலும் ஹீத்தின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஆவாரங்கட்டையை அளந்து வைத்த சேலத்து உழைப்பாளியின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? காடு வெட்டிக் கரி சுட்டவன், கல் சுமந்தவன் பெயர் எங்கே? சீமை இரும்பு கப்பலில் வந்து குவிந்தபோது, அவன் உலையும் அணைந்தது. அவனுக்காக வழக்காட எந்த மன்றமும் இல்லை.

இன்று அரியலூர் மண்ணில் இரும்புக்கல் அல்ல, சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. சிமெண்டு ஆலைகள் புகைகின்றன. மண் யாருடையது, உழைப்பு யாருடையது, பலன் யாருக்கு? பரங்கிப்பேட்டை உலை அணைந்துவிட்டது; இந்தக் கேள்வி அணையவில்லை. சங்கமாய்ச் சேர்ந்து கேட்பவனுக்கே விடை கிடைக்கும் என்பதைத் தோழர்கள் மறக்க வேண்டாம்.